விக்கலுக்குக் கால் வரி

ஒரு ஊர்ல ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தா. அந்த ஊருக்கு ராசா கிணறு ஒண்ணுதான். தண்ணி எடுக்கிற வீடெல்லாம் மாசாமாசம் வரி கட்டணும், கட்டலேன்னா குடத்தைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. ஒச்சம்மா வீட்டுல வரி பாக்கி. மருமக பச்சை உடம்புக்காரி, கைக்குழந்தை வேற. குடம் போச்சுன்னா அவ என்ன பண்ணுவா, சொல்லுங்க?

ராசா நல்லவர்தான். ஏழை வீட்டுக்குக் கால் வரி போதும்னு சொல்லி, யார் ஏழைன்னு பார்க்க தண்டல்காரர் வடமலையை அனுப்பினார். ஏழை வீடுன்னு வடமலை சொன்னதும் கூடவே போற தமுக்குக்காரன் கருத்தான் ஊரறியத் தமுக்கடிக்கணும். அடிச்சுட்டா ராசாவைத் தவிர யாரும் மாத்த முடியாது.

வடமலை முதல் வீட்டுக்குப் போனார். வெயில்ல வந்தவராச்சேன்னு அந்த வீட்டுக்காரி ஒரு செம்பு தண்ணி குடுத்தா. குடிச்சார், வாயைத் துடைச்சார். "வர்றவங்களுக்குக் குடுக்கத் தண்ணி இருக்கு. வசதியான வீடு. முழு வரி"ன்னார். ரெண்டாவது வீட்டுலயும் செம்பு, முழு வரி. மூணாவது வீட்டுக் கிழவர் பாவம், மோரே குடுத்துட்டார். அவருக்கு முழு வரிக்கு மேல இன்னும் கொஞ்சம். கேட்டீங்களா அநியாயத்தை?

இதையெல்லாம் ஒச்சம்மா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. வடமலை அவ வீட்டுக்கு வந்ததும், "வாங்க சாமி, பசியா இருப்பீங்க"ன்னு கருவாட்டைச் சுட்டு, காஞ்ச மிளகாயை உப்புப் போட்டு வறுத்து, வரகுச் சோத்தோட வச்சா. ஓசிச் சோறுன்னா வடமலைக்கு உசுரு. அள்ளி அள்ளித் தின்னார். ஒரு விக்கல் வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் நிக்கவே இல்ல.

"ஏம்மா, தண்ணி."

"குடுத்தா நான் பணக்காரி ஆயிருவேனே சாமி."

"வெளையாடாதம்மா, ஹிக்."

"வரி வெளையாட்டா சாமி?"

முதல் வீட்டுக்கே திரும்பி ஓடினார். "ஒரு செம்புக்கே முழு வரி. இன்னொரு செம்பு குடுத்தா கிணத்தையே என் தலையில கட்டிருவீங்க"ன்னு கதவைச் சாத்திட்டா. ரெண்டாவது வீட்டுக் கதவும் சாத்திக்கிச்சு, மூணாவதும் சாத்திக்கிச்சு.

கண்ணு பிதுங்கி ஒச்சம்மாகிட்டயே வந்தார். "நீ ஏழைதான் தாயி." கருத்தான் தமுக்கை அடிச்சான், டம் டம். ஒச்சம்மா தண்ணியை மொண்டா, ஆனா கையிலயே வச்சுக்கிட்டா.

"முதல் வீட்டு மதினி?"

"ஏழை." டம் டம்.

"மோர் குடுத்த மாமா?"

"தெருவே ஏழைம்மா. பழைய பாக்கியும் கிடையாது, குடு." டம் டம் டம்.

மூச்சுவிடாமக் குடிச்சார். விக்கல் நின்னுச்சு, புத்தி வந்துச்சு. "அதெல்லாம் செல்லாது"ன்னார்.

"அடிச்ச தமுக்கை எப்படிங்க அழிக்கிறது? ராசாகிட்டதான் கேக்கணும்"னான் கருத்தான்.

போய்க் கேட்டார். ராசா எல்லாத்தையும் கேட்டுட்டு, "கருவாடு நல்லா இருந்துச்சா?"ன்னார்.

"இருந்துச்சு மகாராசா."

"அப்ப அந்தத் தெரு பாக்கியை நீயே கட்டிரு. வீடு வீடாப் போய் வாங்கிச் சாப்பிட்டவன் நீதான், உனக்குத்தான் வசதி."

வடமலை கட்டினார். குடம் தப்பின ஒச்சம்மா பேரனைக் குளிப்பாட்ட வெந்நீர் வச்சா. குடுக்கிற கையைப் பார்த்து வசதியான கைன்னு சொல்றவன் பேச்சை நம்பாதீங்க பிள்ளைங்களா. கதை அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போய்ப் படுங்க.