மாப்பிள்ளை காருக்கு பிரேக் வாங்கின கதை

சாத்தனேரியில் மூன்று மச்சான்மார் இருந்தார்கள். மூன்று பேருக்கும் பொதுவில் ஒரே கார். மூளையையும் அப்படித்தான் பொதுவில் வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் சொல்லுவார்கள். ஊர்க்காரர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார்கள்.

மூவரில் அடைக்கலம் மூத்தவர், முடிவெடுப்பது அவர் வேலை. தவசி கார் ஓட்டுவார். சீனிச்சாமி யோசிப்பார். அவர் யோசிக்க ஆரம்பித்தால்தான் வில்லங்கமே.

காரில் பிரேக் தேய்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதனால் பெரிய கஷ்டமில்லை. வீட்டுப் பக்கத்து வைக்கோல் போரில் முட்டி நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அந்த மாசம் மாடுகள் போரைத் தின்று தீர்த்துவிட்டன. வெள்ளிக்கிழமை தவசியின் தம்பி பூவரசனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கார் இதுதான் என்று மூவரும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். பக்கத்து டவுன் மண்டபத்து வாசலில் வைக்கோல் போருக்கு எங்கே போவது?

செவ்வாய்க்கிழமை காலையில் மெக்கானிக் லூர்துவைக் கூட்டிவந்து காட்டினார்கள். லூர்து காருக்கு அடியிலிருந்து தேய்ந்த இரும்பு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பிரேக் ஷூ காகிதமா தேஞ்சு போச்சு. புதுசு ஒரு செட் வாங்கணும்."

"ஷூ மட்டும் போதுமா? சாக்ஸ்?" என்றார் சீனிச்சாமி.

லூர்து அதைக் காதில் வாங்கவில்லை. "மதுரைக்குப் போங்க. பழசைச் சாம்பிளுக்குக் கையோட எடுத்துக்குங்க. எடுத்த எடுப்புல வாங்கிடாதீங்க, ஒரு மூணு கடையாவது ஏறி இறங்குங்க. டூப்ளிகேட்டைத் தலையில கட்டப் பாப்பாங்க, உஷாரு. விலையை நல்லா அடிச்சுப் பேசுங்க. கடைசியா ஜொகரா அக்கா கடைக்குப் போங்க. மலிவும் கூட, சாமானும் சுத்தம். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

மூவரும் ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

'கையோட' என்று லூர்து சொன்னதால் அடைக்கலம் பழைய ஷூவைக் கையை விட்டு இறக்கவே இல்லை. பஸ்ஸில் டிக்கெட்டைப் பல்லில் வாங்கினார். சீனிச்சாமி பக்கத்து வீட்டில் ஒரு ஹெல்மெட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டார். "இப்ப எவன் என் தலையில என்னத்தைக் கட்டுறான்னு பாப்போம்!"

முதல் கடைக்கு மூன்று படி. மூவரும் வரிசையாக ஏறினார்கள், இறங்கினார்கள்.

"என்னண்ணே வேணும்?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணும் வேணாம். ஏறி இறங்குறோம்."

இரண்டாவது கடை மாடியில் இருந்தது. பதினெட்டுப் படி. அடைக்கலத்துக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது கடையில்தான் சிக்கல். படியே இல்லை, கடை தெருவுக்குச் சமமாக இருந்தது.

"ஏறாம எப்படி இறங்குறது?" என்று தவசி கவலைப்பட்டார்.

"இறங்கலாம், குழி வெட்டினா," என்றார் சீனிச்சாமி. "ஆனா ஏறினதா ஆகாது. லூர்து முதல்ல ஏறத்தான் சொன்னாரு."

கடை முன்னால் கிடந்த லாரி டயரை அடைக்கலம் பார்த்துவிட்டார். மூவரும் அதன்மேல் ஏறி நின்று, ஒரு கும்பிடு போட்டு, இறங்கினார்கள். கடைக்காரர் கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஜொகரா அக்கா கடை வாசலுக்கு வந்ததும் மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். தவசி சைலன்சர் குவியலில் முட்டினார். சீனிச்சாமி தராசைக் கும்பிட்டார். ஜொகரா அக்கா பதறி எழுந்துவந்து ஒவ்வொருவராகக் கைபிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"யா அல்லா, மூணு பேருக்குமா பார்வை இல்ல! என்னப்பா வேணும்?"

"காருக்கு பிரேக் ஷூ வேணும்க்கா."

"கார் யாருப்பா ஓட்டுறது?"

"நான்தாங்கக்கா," என்றார் தவசி, கண்ணைத் திறக்காமல்.

ஜொகரா அக்காவும் ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். பிறகு எழுந்து சாமானை எடுத்துவைத்து விலை சொன்னார்.

"அடிச்சுப் பேசுங்க மச்சான்," என்று தவசி ஞாபகப்படுத்தினார்.

அடைக்கலம் மேஜையைக் குறிவைத்துத்தான் அடித்தார். கையில் இருந்ததோ இரும்பு, கண்ணோ மூடியிருந்தது. அடி நேராகச் சீனிச்சாமியின் ஹெல்மெட்டில் விழுந்து, கோயில் மணி மாதிரி 'டங்'கென்றது.

"குறைச்சுக்குங்கக்கா!" டங். "கல்யாணச் செலவு இருக்கு!" டங்.

"பாதி விலைக்கே எடுத்துக்க, அவரை விட்டுடுப்பா!" என்று ஜொகரா அக்கா கத்தினார்.

சீனிச்சாமி கிறங்கிப்போய் உட்கார்ந்திருந்தாலும் கடமையை மறக்கவில்லை. மேஜையில் இருந்த சாமானைத் தடவிப் பார்த்தார். முகம் இருண்டது.

"மச்சான், நாலு இருக்கு. நாலும் ஒண்ணுபோல இருக்கு."

"அப்படின்னா?"

"ஒண்ணு ஒரிஜினல். மத்த மூணும் அதைப் பாத்துச் செஞ்ச டூப்ளிகேட்."

"செட்டுன்னா நாலுப்பா!" என்றார் ஜொகரா அக்கா. "நாலையும் கொண்டு போங்க."

"பாத்தீங்களா, தலையில கட்டுது!" என்று சீனிச்சாமி ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றே ஒன்றுதான் வாங்குவோம் என்று அடைக்கலம் முடிவெடுத்துவிட்டார். ஜொகரா அக்கா பேசிப் பார்த்து அலுத்துப்போய், மூவரும் கண்ணை மூடியிருக்கும்போதே மீதி மூன்றையும் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுவிட்டார். பாவப்பட்ட ஜனம், அதிலும் கார் ஓட்டுகிற ஜனம்.

கண்ணை எப்போது திறக்க வேண்டும் என்று லூர்து சொல்லியிருக்கவில்லை. ஆகவே திறக்காமலே ஒருவர் துண்டை ஒருவர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். அது ராமேஸ்வரம் போகிற பஸ். காலில் அலை அடித்தபோதுதான், சாத்தனேரியில் கடல் கிடையாதே என்று தவசிக்குச் சந்தேகம் வந்து, மூவரும் கண்ணைத் திறந்தார்கள்.

ஊர் வந்து சேர வியாழக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. பூவரசன் அழாத குறையாக வாசலில் நின்றிருந்தான். லூர்து பையைக் கவிழ்த்தார். நாலு ஷூ விழுந்தது.

"நாம ஒண்ணுதானே வாங்கினோம்?" என்று அடைக்கலம் திகைத்தார்.

"ரெண்டு நாள் பையில இருட்டுல இருந்துச்சுல்ல," என்றார் சீனிச்சாமி. "குட்டி போட்டிருக்கும்."

லூர்து நாலையும் மாட்டினார். சாயங்காலம் தவசி ஓட்டிப் பார்த்தார். மிதித்த இடத்தில் கார் நின்றது. ஒரு வருஷத்துக்குப் பிறகு எதிலும் முட்டாமல் நிற்பதைப் பார்த்து மூவருக்கும் கண் கலங்கியது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெண்ணின் அப்பாவிடமிருந்து போன். "சரியா ஏழு மணிக்கு மாப்பிள்ளை கார் மண்டபத்து வாசல்ல நிக்கணும். ஒரு நிமிஷம் பிந்தக்கூடாது."

ஏழு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னதாகவே நின்றது. சாமந்தி மாலை, முன்னால் 'பூவரசன் – தேன்மொழி' என்று தெர்மாகோல் பலகை, ஆரத்தித் தட்டுக்கு நாலு விரற்கடை தள்ளிக் கச்சிதமான பிரேக். மேளம் கொட்டியது. பெண்ணின் அப்பா சிரித்த முகமாகக் கார்க் கதவைத் திறந்தார். உள்ளே அடைக்கலமும் சீனிச்சாமியும் இருந்தார்கள்.

"மாப்பிள்ளை எங்கே?"

"வீட்டுல," என்றார் அடைக்கலம். "ஏற வந்தாரு. நீங்க காரைத்தான் கேட்டீங்கன்னு சொல்லி இறக்கிவிட்டோம். நேரமாயிடும்ல?"

பெண்ணின் அப்பா வாயைத் திறக்கும் முன் தெருமுனையில் ஹாரன் கேட்டது. பால்காரரின் மொபெட். பின்னால் இரண்டு கேனுக்கு நடுவில் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூவரசன். அப்படியே அவனை இறக்கி மணையில் உட்கார வைத்தார்கள். முகூர்த்தம் தப்பவில்லை.

வாசலில் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"மாப்பிள்ளை எதுல வந்தாரோ அதுதானே மாப்பிள்ளை கார்?" என்றார் சீனிச்சாமி.

மற்ற இருவருக்கும் அது நியாயமாகப் பட்டது. மாலையையும் பலகையையும் காரிலிருந்து அவிழ்த்து மொபெட்டில் கட்டினார்கள். பால்காரருக்கு அவசரம். கட்டினபடிக்கே கிளம்பிவிட்டார்.

தாலி கட்டி முடிந்து, ஜோடி வாசலுக்கு வந்தது. கார் மொட்டையாக நின்றது. மூவரும் அதில் சாய்ந்துகொண்டு தெருமுனையையே பார்த்தபடி இருந்தார்கள்.

"என்ன பாத்துக்கிட்டிருக்கீங்க, கிளப்புங்க வண்டியை!" என்றார் பெண்ணின் அப்பா.

"இது சும்மா கார்ங்க," என்றார் அடைக்கலம் பொறுமையாக. "மாப்பிள்ளை கார் பால் ஊத்தப் போயிருக்கு. இன்னும் அஞ்சு வீடுதான் பாக்கி."