வால் கொடுத்து வாங்கிய மூளை

அந்தக் காலத்தில் மனிதனுக்கு வால் இருந்தது, நாய்க்குப் பேச்சு இருந்தது. இரண்டும் பறிபோனதற்கு ஒரே ஒரு தேங்காய்தான் காரணம் என்றால் நம்ப மாட்டீர்கள். நம்பாவிட்டால் போகட்டும், கதையையாவது கேளுங்கள்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கொம்பையா இருந்தான். ஊரிலேயே அழகான வால் அவனுடையது. நல்ல நீளம், நுனியில் கற்றையாக முடி. இரண்டு கையாலும் கடலை உரித்துக்கொண்டே வாலால் தூளியை ஆட்டுவான். அந்த ஆட்டத்துக்கு மட்டும்தான் அவன் குழந்தை கண்ணை மூடும். பெற்றவள் ஆவுடை ஆட்டினால்கூட வீறிட்டு அழும். அதனால் எவ்வளவு பெரிய சண்டையிலும் ஆவுடை அவன் வாலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

அந்த வீட்டு நாய் செவலை. வாய் ஓயாத நாய். ஒரு வெள்ளத்தின்போது ஆற்றோடு உருண்டு வந்த எதையோ அது கவ்விக்கொண்டு வந்தது. மேலே சுற்றியிருந்த நார்களை எல்லாம் கடித்துத் துப்பினால் உள்ளே கல் மாதிரி ஓடு. பல் வலித்ததுதான் மிச்சம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கொல்லையில் வாழைக்கு அடியில் புதைத்துவிட்டு மறந்தும் போனது. தென்னை கடற்கரைச் சங்கதி. அந்த ஊரில் பனையும் புளியும் வாழையும் தவிர வேறு காயை யாரும் அதிகம் கண்டதில்லை.

வாழைக்கன்று பிரிக்கத் தோண்டியபோது அது கொம்பையாவின் கையில் அகப்பட்டது. அவன் அதை நேரே உலகுடையாரிடம் கொண்டுபோனான். ஊருக்கு அறிவாளி அவர்தான். சிறு வயதில் மாடு மிதித்து அவர் வால் மொட்டையாகிப் போயிருந்தது. அந்தக் குறை அவருக்கு உள்ளூர உண்டு.

ஊர் கூடியது. உலகுடையார் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குடுமி இருக்கு. கண்ணு மூணு இருக்கு. சந்தேகமே இல்ல, இது நம்ம ஆதிப் பாட்டன் மண்டை" என்றார். காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே களக் களக்கென்றது. "மூளை! இத்தனை காலம் மண்ணுக்குள்ள கெடந்தும் வத்தலை பாருங்க!"

உடனே ஊரே தன் தன் தலையை ஆட்டிப் பார்த்தது. ஒருவர் தலையிலும் சத்தம் வரவில்லை. கொம்பையா வேகமாக ஆட்டிக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டான்.

"நமக்கு மட்டும் ஏங்க வத்திப்போச்சு?"

"தோண்டின இடத்துல பாட்டனுக்கு வால் கெடந்துச்சா?" என்று உலகுடையார் திருப்பிக் கேட்டார்.

"இல்லைங்க."

"உடம்பும்தான் இல்ல" என்று ஆவுடை முணுமுணுத்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அதான் விஷயம். மூளைக்குப் போற சாரத்தை எல்லாம் வால் உறிஞ்சிருது. வாலை எடுத்துட்டா மூளை தானா ஊறும். பாட்டன் உங்க கொல்லையில கெடைச்சதால, கொம்பையா, முதல் மரியாதை உனக்குத்தான்."

கொம்பையாவின் வால் பயந்துபோய் அவன் காலைச் சுற்றிக்கொண்டது. செவலைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்தது.

"ஐயா, அது மண்டை இல்லீங்க. நான்தான் அதை அங்க புதைச்சேன்."

"நீயா புதைச்சே?" உலகுடையார் புருவத்தைத் தூக்கினார். "அப்ப கொன்னது யாரு?"

"ஐயையோ, கொல்லலீங்க! லேசாக் கடிச்சுத்தான் பார்த்தேன்."

"பாட்டனைக் கடிச்சிருக்கு!" என்று ஊர் குனிந்து கல்லை எடுத்தது.

ஆற்றில் மிதந்து வந்தது என்று இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது தொண்டை வரை வந்தும் விட்டது. செவலை கற்களைப் பார்த்தது, கொம்பையாவின் வாலைப் பார்த்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி வாழைக்குப் பின்னால் பதுங்கிவிட்டது.

பொழுது சாய்வதற்குள் ஊரில் ஒரு வால் மிச்சமில்லை. மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். அடியில் ஒரு சின்ன எலும்பு மட்டும் தங்கிவிட்டது. வழுக்கி விழுந்து உட்கார்ந்தவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் தெரியும்.

கொம்பையா வீட்டில் குழந்தை கத்தித் தீர்த்தது. கையால் ஆட்டினான், காலால் ஆட்டினான், எதுவும் எடுபடவில்லை.

"வால்தான் போச்சு, மூளையாச்சும் வந்துச்சா?" என்று ஆவுடை கேட்டாள்.

கொம்பையா தலையை ஆட்டிப் பார்த்தான். "இன்னும் ஊறலை."

ஆதிப் பாட்டனை ஊர் நடுவில் புளியமரத்தடியில் மேடை கட்டி வைத்திருந்தார்கள். மழை பெய்தது. ஒரு காலையில் பாட்டனின் ஒரு கண்ணிலிருந்து பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. சுருண்டு, நுனி கூராக இருந்தது. ஊர் வாயைப் பிளந்தது.

"வால்!" என்று சொல்லிவிட்டு உலகுடையார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப பாட்டனுக்கு வால் உண்டா?" என்றான் கொம்பையா.

உலகுடையார் தொண்டையைச் செருமினார். "வாலை எடுத்தா மூளை ஊறும்னு அன்னைக்குச் சொன்னேன். மூளை ஊறினா வால் முளைக்கும்னு இன்னைக்குத் தெரியுது. ஆராய்ச்சி ஒரு படி மேல போயிருக்கு."

ஊர் தலையை ஆட்டியது. ஆமோதித்து ஆட்டியதா, மூளை ஊறிவிட்டதா என்று ஆட்டிப் பார்த்ததா என்பது அவர்களுக்கே தெரியாது.

கொம்பையா மட்டும் ஆட்டவில்லை. வீட்டுக்கு வந்து, அழும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதான். செவலை வாழைக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தது. பேச வேண்டிய நேரத்தில் பேசாத வாய்க்கு இனிப் பேச்சு எதற்கு என்று தோன்றியது, மூடிக்கொண்டது. தூளிக்கு முதுகைக் காட்டி நின்று தன் வாலை ஆட்டியது. வால் பட்டுத் தூளி அசைந்தது. குழந்தை விக்கி விக்கி ஓய்ந்து, கண்ணை மூடியது. கொம்பையா நாயின் தலையைத் தடவிக் கொடுத்தான்.

அன்று பிடித்த பழக்கம்தான், தேங்காய் வாங்கும்போது காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். பெரிய மனிதர் எதைச் சொன்னாலும் நம் தலையையும் ஆட்டுகிறோம். நாய் மட்டும் அன்று முதல் ஒரு வார்த்தை பேசியதில்லை. மனிதனைக் கண்டால் போதும், அவனுக்கும் சேர்த்துத் தன் வாலை ஆட்டுகிறது.