குறுணி வாரி இறைத்த மண்

நாயும் பூனையும் மனுஷரோடு சரிக்குச் சரி வாய் கொடுத்துப் பேசிய அந்தக் காலத்தில், பலவேசம் என்ற குடியானவன் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. பெரிய நாய்களெல்லாம் ஆட்டுக்கிடைக்குக் காவல் போய்விடும். இதுவோ குட்டை ஜாதி. வளர்ந்தாலும் முழங்காலைத் தாண்டாது. நெல் அளக்கிற மரக்காலுக்குள் உட்கார வைத்தால் காது மட்டும்தான் வெளியே தெரியும். பலவேசத்தின் பெண்டாட்டி மாடத்தி, மரக்காலின் இன்னொரு பேரான குறுணி என்பதையே அதற்குப் பேராக வைத்து, வீட்டுக்குள்ளேயே வளர்த்தாள். உடம்புதான் அத்தனை சின்னது. ரோஷம் மூட்டைக் கணக்கில் இருந்தது.

வந்த அன்றே நெற்குதிர் ஓரமாக ஈரம் பண்ணிவிட்டது. சின்ன உசிரு, சின்ன வயிறு, அடக்கத் தெரியுமா? ஆனால் தரை அன்றைக்குத்தான் சாணம் போட்டு மெழுகிய தரை. பலவேசத்துக்கு வந்ததே கோபம்! பிடரியைப் பிடித்துத் தூக்கி, அந்த ஈரத்திலேயே அதன் மூக்கை வைத்து அழுத்தித் தேய்த்தான். "இங்கேயா போவே? இங்கேயா?" என்று கத்தினான். அந்த ஊரில் குட்டி வளர்க்கிற எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஏன் செய்கிறோம் என்று ஒருத்தராவது யோசிக்க வேண்டுமே, கிடையாது.

குறுணி யோசித்தது. 'எவ்வளவு அக்கறையா இடத்தைக் காட்டுறாரு! கை கொஞ்சம் முரடு, அவ்வளவுதான்' என்று நினைத்துக்கொண்டது. மறுநாள் வயிறு முட்டியதும் மோந்து மோந்து போய், அதே குதிர் ஓரத்தில் சமர்த்தாக உட்கார்ந்தது. மறுபடியும் மூக்கு, மறுபடியும் தேய்ப்பு. 'அடடா, ஒரு சாண் தள்ளிப் போயிட்டோம் போல' என்று, அடுத்த தடவை மூக்கு பட்ட இடத்திலேயே அச்சு பிசகாமல் போனது. பாவம், படிப்பில் அவ்வளவு கெட்டி.

ஒருநாள் சாயங்காலம் பலவேசம் குதித்தான். "ஏளா, இது திமிரெடுத்த சனியன். நாளைக்குக் கல்யாண வீட்டுக்குப் போற வழியில முள்ளுக்காட்டுல விட்டுட்டுப் போயிடுதேன்."

மாடத்தி குறுக்கே வந்து நின்றாள். "ஏங்க, நரி திரியுற காடுங்க அது. இது நரிக்கு ஒரு வாய்க்குக் காணுமா?"

"காணாட்டி நரி பட்டினி கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுப்பங்கரையில் சுருண்டிருந்த பூனை ஒரு கண்ணைத் திறந்தது. "ஏட்டி குறுணி, எத்தனை தடவை மூக்கைத் தேய்ச்சாலும் புத்தி வரலியே உனக்கு."

"அவரு காட்டுற இடத்துலதானே அக்கா போறேன்?"

"காட்டுறாரா? அட மக்கே! அது தண்டனைடி. வீட்டுக்குள்ள ஈரம் பண்ணாதேன்னு அர்த்தம்."

குறுணிக்குக் காதெல்லாம் சூடேறியது. "தண்டனையா? தப்புன்னு யாரு எனக்குச் சொன்னா?"

"நியாயம் பேசாதே. போய்க் கால்ல விழு. அப்புறம் என்னைப் பார்த்துப் படிச்சுக்கோ. நான் சாம்பல் குழியில போயிட்டு, தடம் தெரியாம மூடிட்டு வர்றேன். இந்த வீட்டுல சோறு வேணும்னா அப்படித்தான் இருக்கணும்."

"மூடி மறைக்கிறதுக்கு நான் என்ன திருடினேனா? விழ மாட்டேன் அக்கா. நரி தின்னாலும் சரி."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, நரி என்றதும் குறுணி அடுப்பை ஒட்டி ஒண்டிக்கொள்ளத்தான் செய்தது. ஆனாலும் வாலை மட்டும் அது தாழ்த்தவில்லை.

விடிந்ததும் பலவேசம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, குறுணியை ஓலைப்பெட்டிக்குள் போட்டு இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். மாடத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தாள். தெருமுனைப் பூவரச மரத்தடிக்கு வந்ததும், பெட்டிக்குள்ளிருந்து குறுணி ஒரே தாவலாகக் கீழே குதித்தது. ஓடவில்லை. அவன் எதிரே நின்று குரைத்தது பாருங்கள், தெருவே கூடிவிட்டது.

"எசமான், எங்களுக்கு மூக்குதான் கண்ணு. நீங்க என் மூக்கைக் குதிர் ஓரத்துல வச்சுத் தேய்ச்சீங்க. அந்த வாசனையைப் பிடிச்சுத்தான் நான் அங்கே போனேன். என்னைக்காவது வெளியே கூட்டிட்டு வந்து, இதான் உன் இடம்னு காட்டினீங்களா? காட்டத் தெரியாதது நீங்க. காட்டுக்குப் போறது நானா?"

கூட்டத்தில் குட்டி வளர்த்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவரவர் வீட்டுக் குதிர் ஓரம் அவரவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"யாரும் எனக்கு இடம் காட்ட வேண்டாம். நானே பார்த்துக்கிடுதேன்" என்றது குறுணி. மரத்தைச் சுற்றி மோந்தது. இது சரியில்லை, அது சரியில்லை என்று வட்டமடித்தது. பிறகு தனக்குப் பிடித்த இடத்தில், இத்தனை பேர் பார்க்க, சாவகாசமாகக் காரியத்தை முடித்தது.

"மூடுடி! மண்ணைத் தள்ளி மூடு, மானம் போகுது!" என்று கூரை மேலிருந்து பூனை கத்தியது.

குறுணி பூனையை நிமிர்ந்து பார்த்தது, பலவேசத்தையும் பார்த்தது. பின்பக்கத்தை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு, பின்னங்கால் இரண்டாலும் மண்ணை வாரி வாரி இறைத்தது. கிடந்தது கிடந்தபடியே கிடக்க, மண் முழுக்கப் பலவேசத்தின் சலவை வேட்டியில் விழுந்தது.

முதலில் சிரித்தவள் மாடத்திதான். "ஏங்க, இதுக்கு மேல என்ன புத்தி வேணும்? பெட்டியை இங்கே குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். பலவேசம் பல்லைக் கடித்தான். வேட்டியைப் பார்த்தான், அதைக் கட்டிக்கொண்டு எந்தக் கல்யாணத்துக்குப் போவது? குறுணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான். மறுநாள் கோழி கூவியதும், யாரும் சொல்லாமலே, அதைப் பூவரச மரத்தடிக்கு அவனே கூட்டிக்கொண்டு போனான். எட்டி நின்றுகொண்டான்.

நாய் இடம் தேடி மோந்து மோந்து வட்டமடிப்பதும், முடித்த பிறகு எதையும் மூடாமல் தலை நிமிர்ந்து மண்ணை வாரி இறைப்பதும் அன்று முதல்தான். எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் விடிகாலையில் தெருவோரம், ஒரு சாண் நாய்க்குட்டி இடம் பார்த்து முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்து நிற்கிறானே, அதுவும் அன்று முதல்தான்.