நாரை கொண்டுவந்த முள்

விலங்குகளெல்லாம் வாய் திறந்து பேசி, பேசியதற்காகவே சண்டையும் போட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், முள்ளம்பன்றியின் முதுகில் ஒரு முள்கூடக் கிடையாது. வெறும் கறுப்பு மயிர்தான். ஆனாலும் குறும்பாறை மலையில் அதைக் கண்டால் எல்லாரும் விலகித்தான் போனார்கள். மழை முடிந்ததும் கடற்கரையிலிருந்து ஒரு நாரை வரும். திருக்கை மீனின் வால்முள்ளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, மீன் பசை தடவி, முள்ளம்பன்றிகளின் முதுகில் வரிசையாக ஒட்டிவிட்டுப் போகும். அதற்குப் பதிலாக மலைச்சுனையில் வேண்டிய மட்டும் தவளை பிடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. தவளைகளை யாரும் கேட்கவில்லை.

இந்த ஏற்பாட்டைப் பேசி முடித்தவள் முள்ளம்பன்றிக் கூட்டத்தின் தலைவி சடைச்சி. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வெயிலில் மின்னும் முள்ளோடு நடக்கும்போது அவள் இடுப்பு தானாக ஆடும். நாரை ஒரு நிபந்தனை வைத்திருந்தது. தடித்த மயிர் இருந்தால் பசை பிடிக்காதாம். ஒவ்வொரு வருஷமும் அதை வேரோடு பிடுங்கிவிட வேண்டுமாம். சடைச்சியின் புருஷன் மொட்டையனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியலாமா என்று முணுமுணுப்பான். பேருக்கு ஏற்ற முதுகு உனக்கு, முள்ளின் அருமை என்ன தெரியும் என்று சடைச்சி அவன் வாயை அடைத்துவிடுவாள்.

ஒரு வருஷம் மழை முடிந்தது, நாரை வரவில்லை. வானத்தைப் பார்த்துப் பார்த்து முள்ளம்பன்றிகளுக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பழைய பசை மழை ஈரத்தில் இளகிவிட்டது. வேலம்பிசினைத் தடவிப் பார்த்தார்கள், வழுக்கிக்கொண்டு போனது. பிடுங்க ஆளில்லாத மயிரோ கண்டபடி தடித்து நீண்டது. அந்த அசிங்கத்தை மறைக்கச் சடைச்சி சேற்றில் புரண்டுவிட்டு வருவாள். வளைக்குள் அப்போதுதான் பிறந்த மூன்று குட்டிகள். கவலை வந்தால் வாய் எதையாவது கேட்கும் அல்லவா, மான் உதிர்த்துப்போட்ட கொம்புகளைப் பொறுக்கிவந்து ஓயாமல் கொறித்தாள். அவளைப் பார்த்து மற்ற முள்ளம்பன்றிகளும் கொறிக்கத் தொடங்கின.

அந்த நேரம் பார்த்துச் செந்நாய்க் கூட்டம் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டது என்று சேதி வந்தது. அன்று காலையே நாரையும் சுனைக்கரையில் வந்து நின்றது, அலகில் ஒன்றுமில்லாமல். சடைச்சி மூச்சிரைக்க ஓடினாள்.

"செந்நாய்க்கும் உங்களுக்கும் தகராறாமே தாயி. சண்டை நடக்கிற இடத்துக்கு முள்ளு குடுக்கக் கூடாதுன்னு எங்க கடக்கரையில தடை போட்டுட்டாங்க" என்றது நாரை.

"சண்டைக்குத்தானய்யா முள்ளு? சண்டை இல்லாதப்போ அது எனக்கு எதுக்கு?"

நாரை அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி, ஒரு தவளையைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது.

உச்சிப்பொழுதில் செந்நாய்கள் வளை வாசலுக்கே வந்துவிட்டன. சடைச்சி வழக்கம்போல முதுகைச் சிலுப்பிப் பயமுறுத்தினாள். திருக்கை முள்ளெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து காலடியில் கிடந்தது. நாய்கள் சிரித்தன. பின்னால் குட்டிகளின் சிணுங்கல் கேட்டது. என் கர்வத்துக்கு இதுகளா பலி என்று நினைத்தாள். உடம்பையாவது கதவாக வைப்போம் என்று குட்டிகள் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு, வாசலை நோக்கி வேகமாகப் பின்னுக்குப் பாய்ந்தாள்.

"ஐயோ" என்று ஒரு குரல். தன் குரல்தான் என்று நினைத்தாள். கண்ணைத் திறந்தால், செந்நாய்த் தலைவன் மூக்கில் ஏதோ குத்தி நிற்க, அது தரையில் புரண்டுகொண்டிருந்தது.

"நாரை முள்ளு ஒண்ணு ரெண்டு மிச்சமிருந்துச்சு போல" என்றாள்.

மொட்டையன் எட்டிப் பார்த்தான். "நாரை முள்ளு இல்லடி. உன் மயிருதான்."

பிடுங்காமல் விட்ட மயிர், தின்ற கொம்பின் வலுவெல்லாம் ஏறி, ஈட்டியாக விறைத்திருந்தது. அதைப் பார்த்த மற்ற முள்ளம்பன்றிகளும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டன. செந்நாய்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டம் சமவெளியில்தான் நின்றதாம்.

அடுத்த மழை முடிந்ததும் நாரை இரட்டைக் கட்டோடு வந்தது. இந்த முறை தவளை பாதி போதும் என்றது. சடைச்சி திரும்பி முதுகைக் காட்டினாள். நாரை சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டு, எங்கள் சரக்கின் பளபளப்பு இதில் இல்லையே, தொட்டாலே உதிர்கிறதே என்று குறை சொன்னது.

"உதிரட்டும். மறுபடி மொளைக்கும்" என்றாள் சடைச்சி.

முள்ளம்பன்றி இன்றைக்கும் பகையைக் கண்டால் முதுகைத் திருப்பிக்கொண்டு பின்னுக்குப் பாய்வதும், காட்டில் கிடக்கும் மான்கொம்பை வளைக்கு இழுத்துப்போய்க் கடகடவென்று கொறிப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.