இசக்கிதுரை அண்ணாச்சியின் மீடியம் ஃபார்மட்

ஆடி மாசம் போட்டோகிராபருக்கு லீவு மாசம். கல்யாணம் கிடையாது, பால்காய்ச்சு கிடையாது. அதனாலதான் சங்கரன்கோவில்ல எங்க போட்டோகிராபர் சங்கக் கூட்டத்தை வருஷாவருஷம் ஆடியில வைப்போம். நான்தான் செயலாளர்.

இந்தத் தடவை ஒரே ஒரு தீர்மானம். சங்கத்துக்குப் பொதுவா ஒரு நல்ல கேமரா வாங்கணும், வேலை இருக்கவங்க முறைவச்சு எடுத்துட்டுப் போகணும். வாங்குறது எல்லாரும் வச்சிருக்க ஃபுல் ஃபிரேமா, அதைவிடப் பெரிய சென்சார் உள்ள மீடியம் ஃபார்மட்டா? இதுக்குத்தான் ரெண்டு மாசமா சண்டை. இருக்கது இருபத்துமூணு பேர். அதுல ரெண்டு பேரு இதுக்காகப் பேச்சுவார்த்தையையே நிப்பாட்டிட்டாங்க. இன்னைக்கு முடியலைன்னா சங்கமே ரெண்டாப் போயிரும்னு எனக்கு உள்ளூரப் பயம்.

மீடியம் ஃபார்மட் கட்சிக்குப் பேச எழுந்தவரு இசக்கிதுரை அண்ணாச்சி. எங்கள்லேயே மூத்தவரு. சென்னையில ஒருத்தர்ட்ட இரவல் வாங்கி ஒரு மாசம் அந்தக் கேமராவை வச்சிருந்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவரு.

"ஃபுல் ஃபிரேம் சென்சார்ங்கிறது ஒரு தபால்தலைவே. இது தீப்பெட்டி. ரெண்டுலயும் எது பெருசுன்னு நான் சொல்லணுமா?" என்று ஆரம்பிச்சாரு. "புளியங்குடியில ஒரு கல்யாணம். மணமேடையில பொண்ணை மட்டும் ஒரு குளோசப். வீட்டுக்கு வந்து பெருசு பண்ணிப் பாக்கேன், அந்தப் பிள்ளை கண்ணுல மண்டபமே தெரியுது. இன்னும் பெருசு பண்ணுதேன், பந்தி தெரியுது. இன்னும் பண்ணுதேன், சமையக்காரர் வேட்டி மடியில லட்டை ஒளிச்சு வைக்காரு!"

"எத்தனை லட்டு அண்ணாச்சி?" என்றாரு பின்வரிசையில இருந்த செய்யது மசூது. அவரு ஃபுல் ஃபிரேம் கட்சி.

"ஏழு. ஒண்ணுல முந்திரி இல்லை."

கூட்டம் சிரிச்சுது. அண்ணாச்சி சிரிக்கலை.

சுரண்டையில குழந்தைங்க போட்டோ எடுக்கிற ஞானசெல்வி கையைத் தூக்குச்சு. "ஃபைல் ரொம்பப் பெருசா வருமாமே அண்ணாச்சி? எங்கன வச்சுக் காப்பாத்த?"

"அதைக் கேளு தாயி. மெமரி கார்டைச் சட்டைப் பையில போட்டேன். ஒரு பக்கத் தோளே இறங்கிட்டு. பஸ்ல ஏறுதேன், வண்டி இடது பக்கமாச் சாயுது. கண்டக்டர் என்னை நடுவுல நிக்கச் சொல்லிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிச்சாரு."

"அப்போ பின்னாடி மங்கலா விழுற பிளர்?" என்றாரு மசூது. "அதுலயும் உங்க தீப்பெட்டிதான் ஒசத்தியோ?"

"பிளரா?" அண்ணாச்சி துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. "அதுல ஒரு பாவத்தையே பண்ணிட்டேன்வே. கடையநல்லூர்ல ஒரு ஜோடி. பொண்ணு மூக்குத்தியில ஃபோகஸ் வச்சேன். மாப்பிள்ளை ரெண்டடி பின்னால நிக்காரு. அமுக்கிட்டேன். படத்துல மாப்பிள்ளை பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்காரு. சரி, படத்துலதானேன்னு நிமிந்து பாத்தா, நேர்லயும் அப்படியே நிக்காரு! மூணு நாளு. மாமியார் அவருன்னு நெனச்சுத் தூணுக்குக் காப்பி கொடுக்காங்க. ரேஷன் கடை மிஷின்ல விரலை வச்சா ரேகையே விழலை. பொறவு நான் போயி, பின்னாடி இருக்கதும் தெளிவா விழணும்னு லென்ஸோட அப்பர்ச்சர் துவாரத்தை நல்லாக் குறுக்கி இன்னொரு படம் எடுத்த பொறவுதான் மனுசன் தெளிஞ்சாரு."

அதுவரைக்கும் உர்ருன்னு இருந்த ஃபுல் ஃபிரேம் கட்சிக்காரங்களும் வயித்தைப் பிடிச்சிக்கிட்டாங்க. பேச்சை நிப்பாட்டியிருந்த ரெண்டு பேருல ஒருத்தர் மத்தவரு முதுகுலயே தட்டிச் சிரிச்சாரு.

மசூது மட்டும் விடலை. "அது வேகம் பத்தாத கேமரா. மாட்டுவண்டிப் பந்தயத்தை எடுக்க முடியுமா உங்களால? ஃபோகஸ் பிடிக்குறதுக்குள்ள மாடு தென்காசி போயிருமே."

"எடுத்தேன்லா! மாடு பறந்து வருது. நான் அமுக்குதேன், 'டொப்'புனு ஒரு சத்தம். அம்புட்டுதான். எட்டு மாடும் நின்னுட்டு. நின்னது மட்டுமில்லவே, உசரத்துல சின்னது முன்னாலயும் பெருசு பின்னாலயும் வரிசையா நின்னு, இன்னொண்ணு எடுங்கன்னு பாக்குது."

ஞானசெல்வி எழுந்து நின்னுச்சு. "எல்லாம் சரி அண்ணாச்சி. அந்தக் கேமராவுல எடுத்த படம் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. எங்க ஓட்டெல்லாம் உங்களுக்குத்தான்."

அண்ணாச்சி முகம் ஒரு நொடி செத்துப்போச்சு. எனக்கே பாவமா இருந்துது. அவரு அந்தக் கேமராவைத் தொட்டதே கிடையாதுன்னு அப்பதான் எனக்குப் பட்டுது. ஆனா மனுசன் தொண்டையைச் செருமிக்கிட்டாரு.

"ஒரு குரூப் போட்டோவைப் பெருசா பிரிண்ட் போட்டு ஸ்டுடியோவுல மாட்டித்தான் வச்சிருந்தேன் தாயி. அவ்வளவு தத்ரூபம். எம்புட்டு நேரந்தான் நிப்பாங்க? கால் வலிக்குன்னு ஒவ்வொருத்தரா இறங்கிப் போயிட்டாங்க. இப்போ வெறும் சுவருதான் இருக்கு படத்துல."

"எனக்கும் கால் வலிக்கு" என்னுச்சு ஞானசெல்வி. "ஓட்டைப் போடுவோமா?"

சீட்டு எழுதிப் பெட்டியில போட்டாங்க. நானே எண்ணினேன். நம்பிக்கை இல்லாம மறுபடியும் எண்ணினேன். ஃபுல் ஃபிரேம் இருபத்துமூணு. மீடியம் ஃபார்மட் சைபர்.

எல்லாரும் இசக்கிதுரை அண்ணாச்சியைத் திரும்பிப் பாத்தோம்.

"என்ன அண்ணாச்சி, உங்க ஓட்டுகூடவா?" என்றாரு மசூது.

அண்ணாச்சி செருப்பைத் தேடிக் கால்ல மாட்டிக்கிட்டே சொன்னாரு: "பேசுறதுக்கு அது நல்ல கேமராதாம்வே. ஆவணி பொறந்தா கல்யாணத்துக்குப் போகணும்லா?"