சுயம்புக்கனிக்கு ஒன்றுமில்லை

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லை மேடம். ஆனா திரும்பவும் வந்து உட்கார்ந்திருக்கா."

சொன்னவர் டாக்டர் தில்லைநாயகம். ராணுவத்தில் அறுவை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். உப்பளங்களுக்கு நடுவே இருந்த அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் மெஹருன்னிசா அவரைவிட வெகுவாக இளையவர். "எனக்கு வெட்டத் தெரியும், தைக்கத் தெரியும். ஆளைப் பார்க்கத் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்" என்று முதல் நாளே அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார் தில்லைநாயகம்.

"என்ன சொல்றாங்க?"

"தலைவலி, முதுகுவலி. போன தடவை படபடப்பு. ரத்தம் பார்த்தாச்சு, தைராய்டு பார்த்தாச்சு, ஈ.சி.ஜி. எடுத்தாச்சு. எல்லாம் சரியா இருக்கு. பிரசவமாகி மூணு மாசம். பிள்ளையும் நல்ல எடை."

"பிள்ளை யார்கிட்ட இருக்கு?"

தில்லைநாயகம் அதைக் கவனித்திருக்கவில்லை.

"போய்ப் பார்த்துட்டு வாங்க சார்."

அன்று தடுப்பூசி நாள். வராந்தா முழுக்க அழுகை. ஊசி போட்ட பிள்ளைகளைத் தோளில் போட்டுத் தட்டியபடி தாய்மார்கள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்கள்.

சுயம்புக்கனி பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள். அவள் பிள்ளை மாமியாரின் தோளில் வீறிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

தில்லைநாயகம் திரும்பி வந்தார்.

"மாமியார்கிட்ட இருக்கு. ரொம்ப அழுது."

"அவங்க?"

"சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க."

மெஹருன்னிசா எழுந்துகொண்டார்.

மாமியாரையும் பிள்ளையையும் நர்ஸிடம் அனுப்பிவிட்டு, சுயம்புக்கனியை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். மேஜைக்குப் பின்னாலிருந்த தன் நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"தூங்க முடியுதாம்மா?"

"பிள்ள தூங்குனாலும் எனக்கு வரல."

"சாப்பாடு?"

"திங்கேன். ருசி தெரியல."

"பிள்ளையைப் பார்த்தா என்ன தோணுது?"

ஓரமாக உட்கார்ந்திருந்த தில்லைநாயகம் ஏதோ கேட்க வாயெடுத்தார். மெஹருன்னிசா கண்ணாலேயே அவரைத் தடுத்தார்.

"அப்பன மாதிரியே சிரிக்கான்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்கு யாரு வீட்டுப் பிள்ளையோ மாதிரி இருக்கு."

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"ஏழு வருசம் இவனுக்காகத் தவங்கெடந்தேன் டாக்டரம்மா. தெருவுல போற பிள்ளையப் பார்த்தாக்கூட நெஞ்சு அடைக்கும். அந்த ஆசையெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

"செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

சுயம்புக்கனி முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"தோணுது."

"பிள்ளையை ஏதாவது செய்யணும்னு?"

"ஐயோ, இல்ல. நான் இல்லன்னா அவன் நல்லா இருப்பான்னு தோணும்."

பிறகு அழுதாள். அழுது முடிக்கும்வரை மெஹருன்னிசா அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இதுக்குப் பேர் இருக்கும்மா. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு. நிறையப் பேருக்கு வரும். உங்க மேல தப்பு இல்லை. இதுக்கு மருந்து இருக்கு."

மாவட்ட மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் போனில் பேசி, பால் கொடுக்கும் தாய்க்கு ஒத்துவரும் மாத்திரையை எழுதினார். உப்பளத்திலிருந்து அவள் புருஷன் செந்தூர்பாண்டியை வரவழைத்தார். அவளைத் தனியாக விடக்கூடாது, வாராவாரம் அழைத்து வரவேண்டும் என்று சொன்னார். அவன் பயந்துபோய்த் தலையாட்டினான். அன்றே போய் அவள் அம்மாவைக் கூட்டி வந்துவிட்டான்.

அவர்கள் போனதும் தில்லைநாயகம் கேட்டார்:

"அப்படி நேரா கேட்டுட்டீங்களே மேடம். நாமளே நினைப்பை எடுத்துக்கொடுத்த மாதிரி ஆயிடாதா?"

"நாம கேக்கலைன்னா அது அவங்களை விட்டுப் போயிருக்குமா?"

"எனக்கு அந்த வார்த்தை வாயில வராது மேடம்."

"அடுத்த வாரம் நீங்கதான் கேக்கப்போறீங்க."

அடுத்த வாரம் அவர்தான் கேட்டார். அவள் "தோணுது சார்" என்றாள்.

அதற்கடுத்த வாரமும் அதே பதில்.

"மருந்து வேலை செய்யவே இல்லையே மேடம்."

"உடைஞ்ச எலும்பு ஒட்ட எவ்வளவு நாள் கொடுப்பீங்க?"

"ஆறு வாரம், எட்டு வாரம்..."

மெஹருன்னிசா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அவள் வரும் நாளன்று தில்லைநாயகம் சீக்கிரமே வந்துவிடுவார். நாற்காலியை மேஜைக்கு வெளியே எடுத்துப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த மனிதர். ஒருத்தியின் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தைக்காக இப்படி ஏங்கியதில்லை.

ஒருநாள் அவள் சொன்னாள், "நேத்து எங்கம்மா வச்ச குழம்புல உப்பு ஜாஸ்தி சார்."

அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்னும் சில வாரங்கள் போயின. அந்தக் கேள்விக்கு அவள் "இப்ப தோணல சார்" என்றாள். பிள்ளையைப் பற்றி அவர் கேட்டபோது மட்டும், "தெரியல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகொரு நாள் தனியாக வந்தாள். பிள்ளைக்குச் சளி என்று அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"உட்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. மார்புச் சேலை நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"மாத்திரைய மட்டும் குடுங்க சார். பஸ் போயிரும்."

"இந்த வாரம் எப்படி..."

"அடுத்த வாரம் சொல்லுதேன் சார். அவன் தேடுவான்."

மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே படியிறங்கி ஓடினாள்.

தில்லைநாயகம் பக்கத்து அறைக்குப் போனார். முகம் வாடியிருந்தது.

"என்னென்ன கேக்கணும்னு யோசிச்சு வச்சிருந்தேன் மேடம். எதுக்கும் பதில் சொல்லலை. உட்காரக்கூட இல்லை. பாதிப் பேச்சுல ஓடிட்டாங்க."

மெஹருன்னிசா கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"யார்கிட்ட ஓடினாங்க சார்?"