6174-க்குப் போகும் வழி

“அவன் எங்கள் அறையில் இருக்கக் கூடாது!”

பொன்னம்பலநாதர் போட்ட சத்தம் மடம் முழுவதும் கேட்டது. அறுபது வயதுக்காரர். மடத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவருடைய குரு செங்கமலத்தம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். துறவு கொள்ளும் முன் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர்.

அம்மை சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யார்?”

“நேற்று வந்தானே, செருப்புத் தைக்கிற மாடக்கண்ணு. அது நாலு பேர் அறை. நாங்கள் மூன்று பேரும் ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே பழக்கவழக்கம். நாலாவது ஆளாக அவனா?”

“அவர் இப்போது எங்கே?”

“பாயைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டேன். மாட்டுக் கொட்டிலில் உட்கார்ந்திருக்கிறான்.”

அம்மையின் கை நின்றது. முகம் சிவந்துவிட்டது.

“ஒன்பது வருடம் உங்களுக்குச் சோறு போட்டது வீண்.”

“திட்டுங்கள், அம்மா. ஆனால் நாங்கள் போய்ச் சேருகிற இடத்துக்கு அவனும் வந்துவிடுவானா? அதை மட்டும் சொல்லுங்கள்!”

அம்மை அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து அவர் முன்னால் போட்டார்.

“நாலு இலக்கத்தில் ஓர் எண் எழுதுங்கள்.”

கோபத்தோடு தரையில் 3524 என்று எழுதினார்.

“இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். பிறகு சிறியதிலிருந்து பெரியதாக. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். வருகிற விடையையும் அப்படியே செய்யுங்கள்.”

5432-இல் 2345 போக 3087.

8730-இல் 0378 போக 8352.

8532-இல் 2358 போக 6174.

மறுபடி செய்தார். 7641-இல் 1467 போக, அதே 6174. அதற்கு மேல் நகரவில்லை.

“வேறு எண்” என்றார் அம்மை.

2119 என்று எழுதினார். மூன்றே கழித்தலில் 6174.

வேண்டுமென்றே 1000 என்று எழுதினார். ஒரு ஒன்று, மூன்று சுழி. ஐந்து கழித்தல் பிடித்தது. 6174.

“என்ன அக்கிரமம் இது! எங்கே தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்குமா?”

“உங்கள் அறை எப்படி இருக்க வேண்டும் என்கிறீர்களோ, அப்படி ஓர் எண் எழுதுங்கள்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிது பெரிதாக 7777 என்று எழுதினார்.

பெரியதிலிருந்து சிறியதாக, 7777. சிறியதிலிருந்து பெரியதாக, 7777.

கழித்தார்.

சுழி.

“மேலே போங்கள்.”

“எதை வைத்து அம்மா போவது?”

அம்மை மறுபடி கீரையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் அதை அழித்துவிட்டு 4444 எழுதினார். சுழி. 9999. சுழி. அழுத்தி எழுதியதில் கரி உடைந்து விரலெல்லாம் அப்பிக்கொண்டது.

“எங்கேயோ தப்பு செய்கிறேன்.” குரல் இறங்கியிருந்தது. “கழித்தலில்தானே?”

“கழித்தலில் இல்லை.”